ஐந்து நாள், ஒரு குரல், ஊரெல்லாம் மகரந்தம்

ஒரு அமெரிக்கப் பாடகரின் ஊர்களைத் தேடிப் போய்த் திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது, தொண்டை இன்னும் சரியாகவில்லை. தினமும் படுக்கும் முன் போனில் தட்டி வைத்த குறிப்புகளைக் கொஞ்சம் தூசி தட்டி, நாள் வாரியாக இங்கே போடுகிறேன்.

1996-ல் திருச்சியில் எங்கள் கல்லூரி விடுதி அறைக்கு ஒரு கேசட் வந்தது. அறைத்தோழியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. ஹூட்டி அண்ட் த ப்ளோஃபிஷ் என்ற அமெரிக்க ராக் குழு. பாதி வார்த்தை புரியாது. ஆனால் பாடுகிறவரின் அடித்தொண்டைக் குரல் இருக்கிறதே, பாகு பதத்தில் இறக்கிய வெல்லம் மாதிரி. அதற்காகவே நாடா தேயும் வரை கேட்டோம். அப்புறம் கேசட்டும் போயிற்று, நானும் மறந்துவிட்டேன்.

போன வருடம் அக்கா மகன் எம்.எஸ். படிக்க அமெரிக்காவில் வட கரோலினாவின் சார்லட்டுக்கு, நான் இருக்கும் ஊருக்கே, வந்து சேர்ந்தான். ஒருநாள் அவன் காரில் ஒரு பாட்டு ஓடியது. பிடில், பான்ஜோ எல்லாம் வைத்த கன்ட்ரி பாட்டு, அமெரிக்கத் தென்மாநிலக் கிராமத்து இசை. குரல் மட்டும் எனக்குத் தெரிந்த குரல்.

“இவர் ராக் பாடுறவர் ஆச்சேடா?”

“இல்ல சித்தி, இவர் கன்ட்ரி சிங்கர். வேகன் வீல் கேட்டதில்லையா நீங்க?”

வீடு வரும் வரை சண்டை. இரண்டு பேரும் சொன்னது சரிதான் என்று அப்புறம் தெரிந்தது. பாடகர் பெயர் டேரியஸ் ரக்கர். எனக்குத் தெரிந்த ஆள் 1990-களோடு முடிந்துவிட்டார். அவனுக்குத் தெரிந்த ஆள் 2008-ல்தான் ஆரம்பிக்கிறார். நடுவில் என்ன நடந்தது என்று அவர் ஊர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று யோசனை சொன்னது நான். கார் அவனுடையது. அவன் வகுப்புகளை எப்படிச் சமாளித்தான் என்பது அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

ஏப்ரல் 9, புதன் – சார்ல்ஸ்டன்

காலையில் பார்த்தால் வெள்ளைக் கார் மஞ்சளாக நிற்கிறது. கரோலினாக்களில் இந்த மாதத்தில் பைன் மரங்கள் கொட்டும் மகரந்தம். ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை. வைப்பரைப் போட்டதும் கண்ணாடி முழுக்க மஞ்சள் குழம்பாகிவிட்டது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் எனக்குத் தும்மல் ஆரம்பித்துவிட்டது.

மூன்றரை மணி நேரத்தில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன். கடல் மூன்று பக்கமும் எட்டிப் பார்க்கும் ஊர். பழைய பகுதியில் வீடுகள் தெருவுக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி நிற்கின்றன, நீள நீளமான திண்ணைகளோடு. கடல் காற்று உள்ளே வருவதற்காக அப்படிக் கட்டினார்களாம். திண்ணை வைத்த வீட்டைப் பார்த்தால் எனக்கு எந்த ஊரும் பிடித்துப்போகும்.

ரக்கர் பிறந்தது இங்கே, 1966-ல். இந்த அழகான பகுதியில் இல்லை. அம்மா செவிலியர். அவர் ஒருவர் சம்பளத்தில் பெரிய குடும்பம் ஒரு சின்ன வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. வீட்டில் அல் கிரீன் பாடிய சோல் இசை, கறுப்பினத்தவரின் பாணி, ஓடும். பையனோ வானொலியைத் திருகித் திருகி கன்ட்ரி பாடகர் கென்னி ரோஜர்ஸைத் தேடிப் பிடிப்பானாம். கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளை கன்ட்ரி கேட்பது அப்போது அக்கம்பக்கத்தில் யாரும் எதிர்பார்த்த விஷயம் அல்ல. ஆக, 42 வயதில் திடீரென்று வந்த ஆசை இல்லை இது.

மதியம் இறாலும் கிரிட்ஸும். கிரிட்ஸ் என்பது மக்காச்சோள நொய்யைக் கஞ்சியாகக் காய்ச்சி, வெண்ணெயும் சீஸும் போட்டுக் கிண்டியது. மேலே இறால், பன்றி இறைச்சித் துண்டு, கொஞ்சம் குழம்பு. 27 டாலர். பையன் முதல் வாயிலேயே, “சோளக்களி சித்தி. இதுக்கா இருபத்தேழு டாலர்?” என்றான். களிதான், ஆனால் நல்ல களி. பரிமாறிய அம்மாள் என்னை ‘ஹனி’ என்றும் அவனை ‘பேபி’ என்றும் கூப்பிட்டார். நான் தும்மும்போதெல்லாம் அடுத்த மேசைக்காரர்கள் உட்பட மூன்று பேர் வாழ்த்துச் சொன்னார்கள். கடைசியில் அந்த அம்மாள் கேட்காமலே ஒரு கோப்பை வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பில்லில் அதற்குக் காசு இல்லை.

சாப்பிட்டுவிட்டு கால்ஹூன் தெருவில் இமானுவேல் தேவாலயத்தைக் கடந்தோம். 2015 ஜூனில், வேதாகம வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக்கொன்றது இங்கேதான். வெள்ளைச் சுவர், உயர்ந்த கோபுரம். வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன பூக்கள். பையன் தொப்பியைக் கழற்றினான். நான் சொல்லவில்லை.

சந்தையில் புல்லால் கூடை பின்னுகிற பெண்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்களின் வழியில் வந்த கைவேலை. உள்ளங்கை அளவு கூடை 60 டாலர். நான் விலையைக் கேட்டுவிட்டுத் தயங்கியபோது அந்தப் பாட்டி கோபப்படவில்லை, பேரமும் பேசவில்லை. பின்னிக்கொண்டே, இது இரண்டு நாள் வேலை, என்றார். அவ்வளவுதான். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. வாங்கவும் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் 10, வியாழன் – கொலம்பியா

வழியில் சாலையோரம் ஒரு கூடாரம், பெரிய அண்டா, ஆவி. அவித்த வேர்க்கடலை! தென் கரோலினாவுக்கு அதிகாரபூர்வமான மாநிலத் தின்பண்டமே இதுதான், சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பை 6 டாலர். நம் ஊரைவிட உப்பு இரண்டு மடங்கு, ஓடு கொழகொழவென்று ஆகும்வரை வேகவைக்கிறார்கள். நான் பற்களால் ஓட்டைக் கடித்து, உப்புத் தண்ணீரை உறிஞ்சி, கடலையைத் தள்ளி, ஓட்டைத் துப்பியதைக் கடைக்காரத் தாத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். “இந்த ஊரா நீங்கள்?” என்று கேட்டார். அமெரிக்காவில் என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள்.

கொலம்பியாவில் வெயில் இப்போதே 28 டிகிரி. இங்குள்ள தென் கரோலினா பல்கலைக்கழகத்தில்தான் குழு பிறந்தது. விடுதிக் குளியலறையில் ஒருவர் பாடிக்கொண்டு குளிக்கிறார். மார்க் பிரையன் என்ற மாணவர் கேட்டுவிட்டு, யாரடா இது என்று தேடிப் பிடிக்கிறார். குளித்தவர் ரக்கர். முதலில் இரண்டு பேராக மதுக்கடைகளில் வாசிக்கிறார்கள். 1986-ல் டீன் ஃபெல்பர் பேஸ் கிட்டாரோடு சேர, குழு ஆகிறது. டிரம்ஸுக்கு ஜிம் சோனஃபெல்ட் பிறகு வந்தார். குழுவின் பெயர்க் காரணம் இன்னும் வேடிக்கை: ரக்கரின் நண்பர்களில் ஒருவருக்கு ஆந்தை மாதிரிக் கண்; இன்னொருவருக்கு உப்பிய கன்னம். ஒருவர் ஹூட்டி, ஒருவர் ப்ளோஃபிஷ். இரண்டு பேருமே குழுவில் இல்லை! முப்பது வருடமாக ரக்கர்தான் ஹூட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரையே தெருவில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

1994-ல் வந்தது எங்கள் கேசட்டில் இருந்த அந்த ஆல்பம். அதற்கு இரண்டு வருடம் முன்பே அம்மா இறந்துவிட்டார். மகனுடைய வெற்றி எதையும் அவர் பார்க்கவில்லை. 1995-ல் அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற ஆல்பம் அதுதான். மொத்தக் கணக்கில் ஒன்றரைக் கோடியைத் தாண்டியது. 1996-ல் இரண்டு கிராமி. அப்புறம் எல்லோருக்கும் அலுத்துப்போய், அந்தக் குழுவைக் கேட்டதாகச் சொல்லிக்கொள்ளவே வெட்கப்படும் காலமும் வந்தது. திருச்சி விடுதியில் இந்த விவரம் எதுவும் எங்களுக்கு வந்து சேரவில்லை. நாங்கள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற கடைத்தெருவில் குழுவுக்கு 2010-ல் ஒரு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். அதன் நிழலில் ஒரு மாணவி உட்கார்ந்து பீட்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். படம் எடுக்க வேண்டும் என்றதும் எழுந்து தள்ளி நின்று, இது என்ன சிலை என்று எங்களையே கேட்டாள்.

மாலை மாநிலச் சட்டமன்றக் கட்டடம். மேற்குச் சுவரில் சில இடங்களில் வெண்கல நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1865-ல், வடமாநிலத் தளபதி ஷெர்மனின் படை அடித்த பீரங்கிக் குண்டுகள் பட்ட வடு. ஊர் ஒன்றையும் மறப்பதில்லை. அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் போர்க்கொடியை 1960-களின் தொடக்கத்தில் இந்தக் கூரை மேல் ஏற்றினார்கள். 2000-ல் கீழே இறக்கி வளாகத்தில் நட்டார்கள். சார்ல்ஸ்டன் கொலைகளுக்குப் பிறகு, 2015 ஜூலை 10 அன்று ஒரேயடியாக எடுத்தார்கள். எங்கள் கேசட்டிலேயே ஒரு பாட்டில் ரக்கர் அந்தக் கொடி அங்கே ஏன் தொங்குகிறது என்று கேட்டிருக்கிறார். 1994-லேயே! நாங்கள் அதைக் காதல் பாட்டு என்று நினைத்துத் தலையாட்டினோம்.

கன்ட்ரி இசை நிகழ்ச்சிகளின் கார் நிறுத்தங்களில் அதே கொடி பறப்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கொடியைக் கேள்வி கேட்டுப் பாடிய மனிதர் பிறகு அந்தக் கூட்டத்தின் முன்னால் போய் நின்றிருக்கிறார் என்பது இங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. குழு மாறுவது, பாணி மாறுவது எல்லாம் சின்ன விஷயம்.

இரவு கடுகுச் சாறு ஊற்றிய பார்பிக்யூ, மஞ்சளாக. அன்றைக்கு நான் பார்த்த எல்லாமே மஞ்சள்.

ஏப்ரல் 11, வெள்ளி – சாலை, சாலை, சாலை

கொலம்பியாவிலிருந்து கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் 700 கிலோமீட்டருக்கு மேல். ஏழு மணி நேரம் என்று போன் சொன்னது. போனுக்கு என்ன, அது காரில் உட்காரப் போவதில்லை.

ஆஷ்வில் தாண்டி பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டோம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வெள்ளம் ஐ-40 நெடுஞ்சாலையின் ஒரு பக்கத்தையே ஆற்றோடு கொண்டுபோய்விட்டது. மார்ச்சில்தான் திறந்திருக்கிறார்கள், போக ஒரு தடம், வர ஒரு தடம், மணிக்கு 35 மைல். முன்னால் மரக்கட்டை லாரி. கீழே ஆறு, ஒன்றுமே தெரியாத மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த ஊர்தலில்தான் நான் பழைய ஆல்பத்தைப் போட்டேன். பையன் முழுசாகக் கேட்பது முதல் தடவை. நாலு பாட்டு வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “சித்தி, மேண்டலின் வருது பாருங்க. டிரம்ஸைக் கொஞ்சம் குறைச்சா இது பாதி கன்ட்ரிதான்” என்றான். முப்பது வருடம் கேட்ட எனக்கு இது தோன்றவே இல்லை.

பதிலுக்கு நான் படித்ததைச் சொன்னேன். 2002-ல் ரக்கர் தனியாக ஒரு ஆர் அண்ட் பி ஆல்பம் போட்டார், எடுபடவில்லை. 2008-ல் கேபிட்டல் இசைத்தட்டு நிறுவனத்தின் நாஷ்வில் பிரிவில் கன்ட்ரி பாடகராகச் சேர்ந்தார். அங்கே ஒரு வழக்கம்: புதுப் பாடகர் ஊர் ஊராக வானொலி நிலையங்களுக்குப் போய், ஒரு கிட்டாரோடு உட்கார்ந்து பாடிக்காட்டி, நிகழ்ச்சி இயக்குநருக்குக் கைகுலுக்கி, என் பாட்டைப் போடுங்கள் என்று கேட்க வேண்டும். ஒன்றரைக் கோடி ஆல்பம் விற்ற ஆள் அதைச் செய்தார். கறுப்பினப் பாடகரை எங்கள் நேயர்கள் ஏற்க மாட்டார்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னவரும் உண்டு என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் சண்டை போடவில்லை, அடுத்த ஊருக்குப் பேருந்தில் ஏறினார். அந்த அக்டோபரில் பாட்டு பில்போர்டு கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம். கறுப்பினப் பாடகர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்து 25 வருடம் ஆகியிருந்தது. 1983-ல் சார்லி பிரைட், அதற்கப்புறம் இவர்.

இந்தப் பேருந்து விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. திருச்சியில் பதினான்கு வருடம் வங்கி அதிகாரி. 39 வயதில் இங்கே வந்து, வரிக்கணக்கு எழுதும் அலுவலகம் ஒன்றில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு 24 வயது. எக்செல்லில் கூட்டல் எப்படிப் போடுவது என்று ஆரம்பித்தாள். “தெரியும்” என்று சொல்ல வாய் வரும், சொல்லாமல் குறிப்பெடுத்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு நோட்டு இன்னும் இருக்கிறது.

டென்னசியில் பாதி வழியில் கடிகாரம் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போனது. லாபம் என்று நினைத்தோம்.

நாஷ்வில் வந்ததும் ஹாட் சிக்கன். இந்த ஊரின் கறுப்பினக் குடும்பம் ஒன்று, பிரின்ஸ் குடும்பம், ஆரம்பித்து வைத்த பண்டம். தார்ன்டன் பிரின்ஸ் இரவெல்லாம் ஊர் சுற்றிவிட்டு வந்த கோபத்தில் அவருடைய காதலி கோழியில் மிளகாயைக் கொட்டினாளாம். மனிதருக்கு அது பிடித்துப்போயிற்றாம். கதை உண்மையோ பொய்யோ, கோழி உண்மை. காரத்துக்குப் படிகள் வைத்திருக்கிறார்கள். திருச்சிக்காரி என்ற திமிரில் ‘ஹாட்’ என்றேன். கவுன்டர் பெண், “மேம், நிச்சயமாகவா?” என்று இரண்டு தரம் கேட்டாள். வெறும் ரொட்டித் துண்டின் மேல் கருஞ்சிவப்பாக ஒரு கால், ஊறுகாய் போட்ட வெள்ளரி வில்லை, 16 டாலர். மூன்றாவது கடியில் காது அடைத்தது. பையன் ‘மைல்ட்’ சாப்பிட்டுக்கொண்டே வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினான். (வகுப்புக்குப் போகாத விஷயம் இப்படித்தான் வெளியே வந்தது.)

ஏப்ரல் 12, சனி – நாஷ்வில்

கோழியும் மகரந்தமும் சேர்ந்து குரல் சுத்தமாகப் போய்விட்டது. இசைக்கென்றே இருக்கும் ஊரில் நாள் முழுக்கச் சைகையில் பேசினேன்.

காலை கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம், கன்ட்ரி சாதனையாளர்களுக்கான அருங்காட்சியகம். கட்டடத்தின் ஜன்னல்கள் பியானோக் கட்டைகள் மாதிரி இருக்கின்றன. உள்ளே வட்டமான ஒரு கூடம், சுவர் முழுக்க வெண்கல முகங்கள். கோயில் பிராகாரத்தில் நாயன்மார் வரிசை பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ராக்கிலிருந்து கன்ட்ரிக்கு வருவது ஒன்றும் புதுப் பாதை இல்லை என்பது இங்கே தெரிந்தது. கான்வே ட்விட்டி 1958-ல் பாப் பட்டியலில் முதலிடம் பிடித்த ராக் அண்ட் ரோல்காரர். ’60-களில் இந்தப் பக்கம் வந்து, கன்ட்ரியில் 40 தடவை முதலிடம். ஜெர்ரி லீ லூயிஸ், பதிமூன்று வயது உறவுப் பெண்ணைக் கல்யாணம் செய்து பெயர் கெட்டுப்போய், பத்து வருடம் கழித்து 1968-ல் கன்ட்ரியில்தான் மறுபடி எழுந்தார். அவர்களுக்குக் கதவு திறந்தது. யாருக்குத் திறந்தது, யாருக்கு எவ்வளவு திறந்தது என்பதுதான் அந்தக் கூடத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

ஏனென்றால் அதே சுவரில் டிஃபோர்ட் பெய்லியின் முகம் இருக்கிறது. ஹார்மோனிகாவில் ரயில் ஓட்டிக்காட்டியவர். சிறு வயதில் போலியோ வந்து உயரம் குறைந்துபோனவர். கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற வானொலி மேடையின் முதல் கறுப்பின நட்சத்திரம். சக கலைஞர்களோடு ஊர் ஊராகப் போவார், அவர்கள் தங்கும் விடுதியில் அவருக்கு இடம் கிடையாது. 1941-ல் ஆப்ரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாஷ்வில்லிலேயே கடை வைத்துக் காலணி துடைத்துப் பிழைத்தார். வெண்கல முகம் இங்கே வந்தது 2005-ல். அவர் இறந்து 23 வருடம் கழித்து. கொஞ்சம் தள்ளி சார்லி பிரைட். 1960-களில் அவருடைய முதல் இசைத்தட்டுகளை வானொலிக்கு அனுப்பும்போது படம் இல்லாமல் அனுப்பினார்களாம், நிறம் தெரியக்கூடாது என்று. பான்ஜோவே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் கையோடு வந்த வாத்தியம்தான். அதை வைத்துக் கட்டிய வீட்டில் அவர்களுக்கு இந்த மரியாதை.

மதியம் பிராட்வே தெரு. கடைக்குக் கடை பாட்டு, ஒவ்வொரு கடையிலும் மூன்று மாடி, மாடிக்கு ஒரு குழு. நுழைவுக் கட்டணம் கிடையாது. குழுவுக்கு வருமானம் பெரும்பாலும் வாளியில் விழுகிற டிப்ஸ். கல்யாணம் ஆகப்போகிற பெண்கள் தோழிகளோடு இளஞ்சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாக. நாங்கள் கொஞ்சம் கூட்டம் குறைந்த ஒரு கடையில் ஓரமாக உட்கார்ந்தோம். இரண்டு பீர், ஒரு கோக், 24 டாலர்.

ஸ்டீல் கிட்டாரை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. மேசை மாதிரிப் படுத்திருக்கிறது. கையில் ஒரு உலோகக் கட்டை, அதைத் தந்தி மேல் வழுக்கி வழுக்கி வாசிக்கிறார், காலில் பெடல். கோட்டு வாத்தியம்! சுரத்துக்குச் சுரம் தாவாமல் இழுத்துக்கொண்டு போகிற அதே வழுக்கல். அது அழுதால் கன்ட்ரி என்று ஆகிவிடுகிறது.

பையன் இருபது டாலரை வாளியில் போட்டு, வேகன் வீல் கேட்டான். பாடகர் சிரித்தார். பல் வலிக்காரர் சிரிக்கிற சிரிப்பு. அன்றைக்கு அது ஐந்தாவது தடவையாம். பாடினார், கடையே எழுந்து கூடப் பாடியது. அந்தப் பாட்டின் பல்லவி 1973-ல் பாப் டிலன் முடிக்காமல் விட்ட துண்டு. பல வருடம் கழித்து ஓல்ட் க்ரோ மெடிசின் ஷோ குழுவின் கெட்ச் சீகோர் சரணங்களை எழுதி முடித்தார். ரக்கர் தன் மகளின் பள்ளி நிகழ்ச்சியில் ஆசிரியர்கள் சேர்ந்து அதைப் பாடக் கேட்டு, 2013-ல் தானும் பாடினார்; அடுத்த வருடம் கிராமி. இந்தத் தெருவில் இனி அதற்கு விடுதலை கிடையாது.

இடைவேளையில் ஸ்டீல் கிட்டார்காரர் எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். சொந்த ஊரில் மெட்டல் குழுவில் இருந்தவராம். சட்டைக் கையை ஏற்றி, மண்டையோடு பச்சை குத்தியதைக் காட்டினார். ஏன் மாறினீர்கள் என்று பையன் கேட்டான். மெட்டல் வாசித்தால் வாடகை கட்ட முடியவில்லை என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். ஒரு ஷிஃப்ட் நான்கு மணி நேரம், சில நாள் இரண்டு ஷிஃப்ட். “அப்போ கன்ட்ரி பிடிக்காதா?” என்று என் சார்பில் பையன் கேட்டான். முதல் வருடம் பிடிக்கவில்லை என்றார். அதற்குள் அடுத்த பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டாவது வருடம் என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது.

திரும்பி வந்தால் கார் கண்ணாடியில் மஞ்சள் சீட்டு. க்யூஆர் கோடு வைத்துப் பணம் கட்டும் நிறுத்தம், 38 டாலர் கட்டியாயிற்று. ஆனால் பையன் வண்டி எண்ணில் ஓ என்ற எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போட்டிருக்கிறான். கட்டிய பணம் ஊர் பேர் தெரியாத எவருடைய காருக்கோ போய்விட்டது. அங்கே பேச ஆளே இல்லை, ஒரு போன் எண் மட்டும். எனக்குக் குரல் இல்லை, அவனுக்குப் பொறுமை இல்லை.

அப்படியே ஆப்ரி ஹவுஸ். ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். நிகழ்ச்சிக்கு முன்னால் மேடைக்குப் பின்பக்கம் சுற்றிக் காட்டுகிறார்கள். அங்கே நான் எதிர்பார்க்காதது, வரிசையாகத் தபால் பெட்டிகள். ஆப்ரி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று, ரசிகர் கடிதம் அதில் வரும். அபார்ட்மெண்ட் மாடிப்படிக் கீழே இருக்குமே அது மாதிரிதான், சின்னச் சின்னக் கதவு, பெயர்ச்சீட்டு. கூட்டத்தில் தேடுவதற்குள் வழிகாட்டி நகர்த்திவிட்டார். ஆனால் உறுப்பினர் பெயர்ப் பலகைகளில் கிடைத்தார்: டேரியஸ் ரக்கர், 2012. பெய்லி, பிரைட், அடுத்து இவர். மொத்தம் மூன்றாவது கறுப்பின உறுப்பினர், 87 வருடத்தில். அந்த அக்டோபரில் அவர் மேடையில் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து கன்ட்ரி பாடகர் பிராட் பெய்ஸ்லி எழுந்து, இன்னும் சீட்டாட்டத்தில் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, ஆப்ரியில் உறுப்பினராகச் சம்மதமா என்று அடுத்த கேள்வியாகப் போட்டாராம். மனிதர் அழுதுவிட்டார்.

மேடை நடுவில் ஆறடி விட்டத்தில் ஒரு வட்டம், வேறு நிற மரம். 1974-ல் ரைமன் அரங்கிலிருந்து இங்கே இடம் மாறியபோது பழைய மேடையை வெட்டி எடுத்து வந்து பதித்தார்கள். 2010 வெள்ளத்தில் இந்த மேடை நீருக்குள் மூழ்கியும் அந்த வட்டம் தப்பியது. ஒவ்வொருவராக அதில் நின்று படம் எடுக்கலாம். என் முறை வந்தது. கீழே குனிந்து பார்த்தேன்: கீறல், பூட்ஸ் தேய்ந்த பள்ளம், ஒரு பழைய ஆணித் துளை. “பாடுங்க சித்தி” என்றான் பையன். எனக்குத்தான் குரல் இல்லையே. இருந்திருந்தால் பாடியிருப்பேனா? மாட்டேன்.

இரவு நிகழ்ச்சியில் ரக்கர் இல்லை. இல்லை என்று தெரிந்தேதான் டிக்கெட் எடுத்தோம், இருந்தாலும் திரை ஏறும்போதெல்லாம் மனசு எட்டிப் பார்த்தது. ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டு, நடுவில் அறிவிப்பாளர் மேடையிலேயே நின்று விளம்பரம் படிக்கிறார். நேரடி வானொலி இன்னும் ஓடுகிறது, நூறாவது வருடமாக. பக்கத்தில் உட்கார்ந்த தாத்தா என் இருமலைக் கேட்டு, கேட்காமலே ஒரு புதினா மிட்டாயை நீட்டினார். அரை மணி கழித்து இன்னொன்று. நிகழ்ச்சி முடியும்போது ஏழு.

ஏப்ரல் 13, ஞாயிறு – ரைமன், வீடு

காலை ரைமன் அரங்கம் மட்டும். தாமஸ் ரைமன் என்ற படகு முதலாளி ஒரு பிரசங்கம் கேட்டு மனம் மாறி, பிரசங்கம் செய்யவே கட்டிய கூடம், 1892-ல் திறந்தது. அதனால் இருக்கைகள் இன்றும் தேவாலய பெஞ்சுகள். மாடியை 1897-ல் தென்மாநிலப் படைவீரர்களின் கூட்டத்துக்காகக் கட்டினார்கள். கொலம்பியாவின் அந்தக் கொடிக்காகச் சண்டை போட்டவர்கள். அந்த மாடிக்குக் கீழே இருக்கும் மேடையில்தான் பெய்லி நின்றிருக்க வேண்டும் என்று எழுதப் போனேன். சரிபார்த்தால், ஆப்ரி இங்கே வந்தது 1943-ல், அவரை அனுப்பி இரண்டு வருடம் கழித்து. ஆப்ரியில் இருந்த காலத்தில் அந்த மேடை அவருக்குக் கிடைக்கவில்லை; 1974-ல் பழைய கலைஞர்கள் நிகழ்ச்சிக்காக ஒரு தடவை வந்து வாசித்ததோடு சரி.

திரும்பும்போது பாட்டு பையனுடைய முறை. ரக்கரின் கன்ட்ரி ஆல்பங்களை வரிசையாகப் போட்டான். சில பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். லாரி, பீர், ஞாயிற்றுக்கிழமை என்று அச்சில் வார்த்தது போல இருக்கிறது. 1994-ல் கொடியைப் பற்றிக் கேட்ட ஆள் இதில் எங்கே என்று தேடினேன். ஆனால் அம்மாவைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிப் பாடும்போது குரல் கொஞ்சம் கீழே இறங்குகிறது பாருங்கள், அங்கே பழைய வெல்லப்பாகு அப்படியே இருக்கிறது. அந்த இடங்களில் மட்டும் ஒலியைக் கூட்டச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

போகும்போது லாபமாக வந்த ஒரு மணி நேரத்தை ஐ-40 திருப்பிப் பிடுங்கிக்கொண்டது. பள்ளத்தாக்கில் மறுபடி 35 மைல், மறுபடி மரக்கட்டை லாரி. அதே லாரிதான் என்று பையன் சத்தியம் செய்கிறான். வீடு வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. இருக்கைக்கு அடியில் வியாழக்கிழமைக் கடலைப் பை கசிந்து, காரெல்லாம் உப்பு வாடை.

அபராதச் சீட்டு நேற்று தபாலில் வந்தது. 82 டாலர். வண்டி எண்ணை இந்தத் தடவை சரியாகப் போட்டிருக்கிறார்கள்.